இல்லவே இல்ல

“இல்ல. இல்ல. இல்லவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் பிச்சம்மாள் தம்பியின் செல்போனைக் கட்டில்மேல் வைத்தாள். இந்த இரண்டு வாரத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

உமாசங்கர் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தான். நடை இன்னும் சுவரைப் பிடித்துத்தான்.

“யாருக்கா?”

“ஒன் ஆஸ்பத்திரிப் பொண்ணு, அந்த ஸ்நேகா. வயிறு பேதியாச்சான்னு கேட்டா. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். ஊர்க்கதை ஒண்ணும் பேசல.”

“என்ன சொன்னே?”

“இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். ஒரு தடவைக்கு மூணு தடவை.”

“நல்லாச் சொன்னேக்கா” என்று கட்டிலில் உட்கார்ந்தான். காலை ஒன்பது மணிக்கு ஸ்நேகா தானாகக் கூப்பிட்டு வயிற்றை விசாரிக்கிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். எங்கோ ஒரு சிறுநீரகம் வந்திருக்கிறது.

நாலு வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் மேலே வந்த மாதம் பார்த்து, மனைவி திவ்யலட்சுமி பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வயிற்றுக் கிருமியும் ஆரியசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. திவ்யாவை ஒரே நாள் படுத்திவிட்டுப் போய்விட்டது. உமாசங்கரைப் பதினொரு நாள் விடவில்லை.

வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவனுக்கு யாரும் இளநீர் கொடுப்பார்கள். இவனுக்கு அது ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தவன் பக்கத்தில் டம்ளரும் கையுமாகப் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் தன் சிறுநீரகத்தையே கொடுக்கிறேன் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவள் அவள். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பிக்கு ஒரு உபகாரமும் செய்ய முடியவில்லையே என்கிற வருத்தம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

வயிறு முழுசாகச் சரியாகாமல் ஆபரேஷன் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். போன வாரம் டாக்டர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பேடிக்கண்டா, பேதமாகும்” என்றார். அதுவும் சிரித்துக்கொண்டே. மலையாளத்தில் பேடிக்கண்டா என்றால் பயப்படாதே என்பது அதற்குள் பிச்சம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பயப்படாதே, இன்னும் பேதியாகும் என்று ஒரு டாக்டர் சொல்வாரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய இடம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

முந்தாநாளோடு எல்லாம் நின்றுவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்று மத்தியானம் தானே ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாம் என்றுதான் உமாசங்கர் இருந்தான். அதற்குள் அவர்களே கூப்பிட்டுவிட்டார்கள்.

“வேற ஏதும் சொன்னாளாக்கா?”

“ரெஸ்ட் எடுக்கட்டேன்னு சொல்லி வச்சுட்டா.”

“அப்ப மறுபடி விளிப்பாங்க. ரத்தம் ஒத்துப்போகுதான்னு பாக்கவே நேரமாகும். நாம இடையில தொந்தரவு பண்ண வேண்டாம்.”

பிச்சம்மாள் பையில் இரண்டு வேட்டி, துண்டு, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் எடுத்து வைத்தாள். தட்டில் வைத்த இட்லியை அவன் தொடவில்லை. ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். திவ்யாவிடம் இன்னும் சொல்ல வேண்டாம், உறுதியாகட்டும் என்றான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிச்சம்மாள் நேர்ந்துகொண்டாள்.

பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. போன் வரவில்லை. ஒரு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

ஸ்நேகா தணிந்த குரலில்தான் பேசினாள். காலையில் வந்த சிறுநீரகத்துக்கு முதல் பெயர் அவனுடையதுதானாம். ‘வயறு பேதமாயோ’ என்று சேச்சியிடம் கேட்டாளாம். இல்ல, இல்ல, இல்லவே இல்ல என்று சேச்சி சொல்லிவிட்டாராம். அதனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இப்போது அவர் தியேட்டருக்குள் இருக்கிறார்.

“விஷமிக்கண்டா சாரே. இனியும் வரும்” என்று வருத்தப்பட வேண்டாமென ஆறுதல் சொல்லிப் போனை வைத்தாள்.

உமாசங்கர் அழுகை வருமா என்று பார்த்தான், வரவில்லை. கோபமும் வரவில்லை. மலையாளத்தில் பேதம் என்றால் குணம். வயிறு குணமாகிவிட்டதா என்றுதான் ஸ்நேகா கேட்டிருக்கிறாள். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

பிச்சம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னல சொல்லுதாங்க?”

“ஒடம்புக்குப் பொருந்தலையாம்க்கா. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.”

அவள் பையிலிருந்து வேட்டிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். துண்டை எடுக்கப் போனவள் நின்றாள்.

“நான் போன்ல சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே, சங்கரா?”

உமாசங்கர் தட்டைப் பக்கத்தில் இழுத்து, ஆறிப்போன இட்லியைப் பிட்டான்.

“இல்ல. இல்ல. இல்லவே இல்ல.”