வலது தொடையில் சிவப்பு

"கேஷிகாதான் ஓடணும். வேற யாரும் வேணாம்!"

ஹட்டன் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நல்லமுத்து மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்து கத்தினார். ஓடும் பிள்ளைகளின் பெனியனில் அவர் கடைப் பெயர்தான் இருந்தது.

கோச் மயூரதன் அசையவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு கிழமைதான். கையிலிருந்த ஃபோனைக் காட்டினார். அதில் பொருத்திய குட்டிக் கெமராவில் உடம்புச் சூடு நிறமாகத் தெரியும்.

"பாருங்கோ முதலாளி. இடது தொடை பச்சை. வலது தொடை சிவப்பு. உள்ளுக்குத் தசையில ஏதோ காயம். இண்டைக்கு ஓடினால் கிழிஞ்சு போகும். பதிலுக்குத் தர்ஷிகா ஓடுவா."

"காயமா? புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கிது!"

"அமத்திப் பாத்தன். நோகேல்லை எண்டுறா. ஓடுற ஆசையில பிள்ளையள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

கேஷிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருசம் அவளுக்கு வயது கடந்துவிடும்.

தர்ஷிகா சப்பாத்துக் கயிறைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீங்க நேத்து வந்தவரு சார். இந்தப் புள்ள தோத்து நான் பாத்ததில்ல. என் கடைப் பேரு அவ முதுகுலதான் கொழும்புக்குப் போகணும்!"

மயூரதனுக்கும் கோபம் ஏறியது.

"உங்கட கடை விளம்பரத்துக்கு ஒரு பிள்ளையின்ர காலை முறிக்கச் சொல்லுறியளோ?"

"ரெண்டு பெனியன் வாங்கிக் குடுத்துட்டு என்னா அதிகாரம் பாரு" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

முணுமுணுத்த ஆளுக்குப் பதில் கொடுக்க வாயைத் திறந்த நல்லமுத்து, சட்டென்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னா இது, தைல வாசம்?"

"அது நான்தான்" என்றார் மயூரதன், அடைத்த மூக்கோடு. "உங்கட ஊர்க் குளிருக்குக் காலமையே பூசினனான்."

"உங்க மூக்குல இருக்கிறது பச்சப் போத்தலு. இது செவப்பு டப்பா. நான் விக்கிற சாமான் எனக்குத் தெரியாதா? ஏம்மா கேஷிகா, உண்மைய சொல்லு!"

அவள் விம்மினாள்.

"காலையில அம்மா தேச்சு விட்டாங்க மொதலாளி. வலது கால முடிச்சிட்டு இடது காலத் தொடுறப்ப தோட்டத்துல வேலைக்குக் கூப்பிடுற பெரட்டு மணி அடிச்சிருச்சு. பேர் குடுக்கப் பிந்தினா வேல இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்கன்னு, அப்படியே விட்டுட்டு ஓடிட்டாங்க. சார் எதுவும் பூசக் கூடாதுன்னாரு. அதான் பயந்து சொல்லல."

மயூரதன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தைலம் பூசினா தோல் சூடு காட்டும்! ஓடு பிள்ளை, ரெண்டு காலையும் நல்லாக் கழுவிப்போட்டு வந்து ஆறி இரு. குண்டு போடுதல் முடியத் திருப்பிப் பாப்பம்."

"நீளம் பாய்தலும் முடியட்டும் சார்" என்றார் நல்லமுத்து.

"ஏலாது. அதுக்கு முதல் ஆர் ஓடுறதெண்டு பேர் குடுக்க வேணும்."

"சரி, பாதி நீளம் பாய்தல்!"

மயூரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பாதி."

மறுபடி படம் எடுத்தார். இரண்டு தொடையும் ஒரே பச்சை. அமத்தினார், குதிக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவள் முகம் சுளிக்கவேயில்லை.

"போ பிள்ளை, ஓடு!"

ஓடினாள். கடைசி வளைவில் மற்றப் பிள்ளைகளெல்லாம் அவள் முதுகிலிருந்த கடைப் பெயரை வாசித்துக்கொண்டுதான் வந்தார்கள். நல்லமுத்து குடையை மேலே வீசிவிட்டு ஆடினார். முணுமுணுத்த மனுசனும் கூடச் சேர்ந்து விசிலடித்தான்.

மயூரதன் மட்டும், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தர்ஷிகாவிடம் போய்க் குனிந்தார்.

"குறை நினைக்காதையும் பிள்ளை. முதலாளி வந்து சண்டை பிடிக்காட்டில் இண்டைக்கு நீர்தான் ஓடியிருப்பீர்."

தர்ஷிகா கலகலவென்று சிரித்தாள்.

"தெரியும் சார். இனிமே அப்பான்னே கூப்பிட மாட்டேன்னு அவருகிட்ட அப்பவே சொல்லிட்டேன்!"