மூன்று பிணம், கறார் விலை

"மறுபடியும் கொலைக் கதையா? ஏழாவது தடவையா திருப்பித் தர்றேன்மா. நல்லதா ஒரு குடும்பக் கதை எழுதக் கூடாதா?" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

"குடும்பம் அலுத்துப் போச்சு சார். எனக்குக் கொலையும் பேயும்தான் பிடிக்கும்."

"சரி, மூணு பிணத்தை ஒண்ணாக் குறைச்சுக்குங்க. இந்த வாரமே போட்டுடறேன்."

"ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன். எதிர்க் கட்டடத்துப் பத்திரிகையில மூணையும் தொடராவே கேக்கறாங்க."

ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "போட்டிப் பத்திரிகையிலயா? என் மானம் என்ன ஆகறது?"

"ஏழு தடவை என் மானம் போச்சே, அப்ப என்ன ஆச்சு?"

கதையைப் பையில் போட்டுக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள்.

"ரெண்டாவது அத்தியாயத்தை இன்னிக்கே எழுதியாகணும். சீக்கிரம் வீட்டுக்கு வந்து சமையலை நீங்க பாத்துக்குங்க. நம்ம பிள்ளைங்க ஆறு மணிக்கெல்லாம் பசியோட வந்துடுவாங்க."