இரண்டாவது ஆணி

எங்கள் அருங்காட்சியகத்துக்கு அந்த ஓவியத்தை வாங்கித் தந்த தரகு அலுவலகமே அதை மாட்டிக்கொடுக்கவும் ஆள் அனுப்பியது. வந்தவள் ஹெப்சிபா. ஏதோ ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினையில் இரண்டாக வெட்டப்பட்ட ஓவியம் அது. எங்களுக்குக் கிடைத்தது இடது பாதிதான். அதில் ஒரு பெண் கையை நீட்டியிருப்பாள். மணிக்கட்டோடு கித்தான் முடிந்துவிடும்.

சுவரின் நடுவில் மாட்டுவாள் என்று பார்த்தால், ஹெப்சிபா அதை இடப்பக்கமாக ஒதுக்கி மாட்டினாள். வலப்பக்க வெறும் சுவரில் அதே உயரத்தில் இன்னோர் ஆணி அடித்து, அதன்மேல் ஒரு விளக்கையும் திருப்பிவைத்தாள்.

"வெறும் சுவத்துக்கு எதுக்கும்மா லைட்டு?" என்றேன் எரிச்சலோடு.

"அவ கை நீட்டிக்கிட்டு நிக்கிறா சார். எதிர்ல எடம் விட வேணாமா?"

பார்க்க வந்தவர்கள் அந்த ஆணியைக் காட்டிச் சிரித்தார்கள். அதைப் பிடுங்கிவிடலாம் என்று நான் முடிவெடுத்திருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். ஓவியத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. விளக்கு விழுந்த வெறும் சுவரைக் கையால் சாண் வைத்து அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஏங்க, இந்த ஆணி எவ்வளவு கனம் தாங்கும்?"