முப்பது மீட்டர்

பிரம்மபுத்திரா நடுவே உள்ள மாஜுலித் தீவில் தன் பள்ளிக்கு ஒரு தடுப்புக்கரை கேட்டுத் தலைமையாசிரியை ஜோன்மணி எழுதாத மனு இல்லை. இந்த முறை கிராஃப் தாளோடு பொறியாளர் பூகன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ரெண்டே புள்ளி சார். மூணு வருஷம் முன்னால ஆறு பள்ளிக்கூடத்துல இருந்து தொண்ணூறு மீட்டர். இன்னைக்கு முப்பது. x வருஷம், y தூரம்னு வச்சா, கோட்டோட சமன்பாடு y = 30 – 20x. ஒன்றரை வருஷத்துல பிரம்மபுத்திரா வகுப்புக்குள்ள வந்துடும்."

பூகன் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்ல, டீச்சர். உங்க மனுவுலயே இதுதான் எனக்குப் புரிஞ்சுது."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஆனா கரை கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள போயிடப்போற பள்ளிக்கூடத்துக்குக் கரை எதுக்கு? மூடிடலாம். பிள்ளைங்க படகுல அக்கரைப் பள்ளிக்குப் போகட்டும்."

"சார், அந்த முப்பது..."

"கீழே உங்க கையெழுத்துதானே?"

முத்திரை குத்தினார்.

நேற்று அவளே நாடா பிடித்து அளந்தபோது ஆறு அறுபது மீட்டர் தள்ளி இருந்தது. அறுபது என்றால் யார் பயப்படுவார்கள் என்றுதான் முப்பதாக்கினாள்.

அறுபதுக்குக் கோடு போட்டிருந்தால் பள்ளிக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்திருக்கும்.