மூன்றாவது சொம்பு

கெடா அசையவில்லை.

பூசாரி அப்புசாமி இரண்டாவது சொம்புத் தண்ணீரையும் அதன் முதுகில் ஊற்றிவிட்டார். அது பாட்டுக்குக் கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையை எட்டி எட்டி மென்றுகொண்டு நின்றது.

உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சரி சொல்லிவிட்டதாக அர்த்தம். துலுக்காவிட்டால் இல்லை. மூன்று சொம்புக்கு மேல் கேட்கக் கூடாது.

வசந்தாமணி இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்தது அவள் புருசன் உயிரை அல்லவா!

கந்தவேலுக்கு வயிற்றுக்குள் கட்டி. கல்யாணமான வருசம் ஒரு தடவை எடுத்தார்கள். பாப்பா வயிற்றில் இருந்தபோது மறுபடியும் எடுத்தார்கள். இப்போது மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற புத்துநோய்ங்க. எடுத்தாலும் திரும்ப வரும். ஆனா மெதுவாத்தான் வளருது. இப்ப எடுத்தா எடுத்துரலாம். பெரிய ரத்தக்குழாயைச் சுத்திக்கிச்சுன்னா அப்பறம் கத்தியே வெக்க முடியாது" என்று சேலத்து டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருந்தார்.

கந்தவேல் பிடி கொடுக்கவில்லை.

"ரெண்டு தடவ அறுத்து என்னத்தக் கண்டேன்? கருப்பனாரு கெடா துலுக்குனா வாரேன். இல்லாட்டி எம்பட ஊட்லயே கெடந்து போய்க்கறேன்."

அவனை அழைத்துப்போக வேறு வழி தெரியாமல்தான் நாமகிரிப்பேட்டையில் கெடா வாங்கிக்கொண்டு கருப்பனார் கோயிலுக்கு வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்புச் சட்டையோடு வந்து நின்றார் குமாரசாமி. கந்தவேலின் சித்தப்பா. சாமியே கிடையாது என்று சந்தைப்பேட்டையில் மைக் வைத்துப் பேசுகிறவர்.

"ஏன்டா கந்தவேலு, அத்தன படிச்ச டாக்டரு சொன்னதுக்கு ஆடு வந்து கையெழுத்துப் போடோணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பூசாரிக்கு வந்ததே கோபம்.

"பேருல சாமிய வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? இந்தாளு நிக்கற எடத்துல எப்படீங்க துலுக்கும்?"

"ஆமாமா, வெளிய போகச் சொல்லுங்க" என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது.

சின்ன மாமனார் முன்னால் வசந்தாமணி ஒரு நாளும் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"மாமா... உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க. கொஞ்ச நேரம் அப்பால போயிருங்க. அவரு ஆசுபத்திரிக்கு வரோணுமுங்க."

சொல்லி முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது.

குமாரசாமி அவளைப் பார்த்தார். இடுப்புக் குழந்தையைப் பார்த்தார். வேட்டி நிற்காமல் கயிறு கட்டியிருந்த கந்தவேலின் வயிற்றைப் பார்த்தார்.

பிறகு கறுப்புச் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் போட்டார்.

"சொம்பக் குடுப்பா. பேசுனது நானு. மன்னிப்பும் நானே கேட்டுக்கறேன்."

பூசாரி மூன்றாவது சொம்பை மொண்டு நீட்டினார்.

அவர் குனிந்து கெடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதன் காதோரம் என்னமோ முணுமுணுத்தார். சொம்பைக் கவிழ்த்தார்.

கெடா தலையிலிருந்து வால் வரைக்கும் சடசடவென்று உதறியது! சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் தண்ணீர்.

"துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு!"

"கருப்பனாரே!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது குமாரசாமிதான். இரண்டு கையும் தலைக்கு மேல்.

திங்கட்கிழமை கந்தவேல் தானே மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பஸ் ஏறினான்.

மூன்று கிலோ கட்டி. ஒட்டியிருந்த குடலில் ஒரு முழத்தோடு சேர்த்து எடுத்தார்கள்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா நான் கைய விரிச்சிருப்பேன்" என்றார் டாக்டர். "ஆனா திரும்ப வந்தாலும் வரும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க."

வசந்தாமணிக்கு நாலு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

ஊரில் குமாரசாமி பாடுதான் திண்டாட்டம். டீக்கடையில் அவருடைய ஆட்களே "வாங்க பூசாரி, துண்ணூறு வெச்சிருக்கீங்களா?" என்று கேலி பேசினார்கள். அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வசந்தாமணி ஆடுகளைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மழை முதுகில் கொட்டியும் வெள்ளாடு சும்மாதான் நின்றது. கூரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காதுக்குள் விழுந்ததும் சடசடவென்று உதறியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாள் ஒரு சொம்பு மோர் எடுத்துக்கொண்டு சின்ன மாமனார் வீட்டுக்குப் போனாள். தலை நிமிரவில்லை.

"மாமா... அன்னிக்கு நீங்க தண்ணிய முதுகுல ஊத்துலீங்களா?"

குமாரசாமி மோரை வாங்கிக் குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"கந்தவேலுகிட்ட மட்டும் சொல்லீறாத, சாமி. கட்டி திரும்ப வந்துச்சுன்னா நான் இன்னொரு தடவ கும்புட வேண்டியிருக்கும்."