தொண்ணூற்றாறு கட்டங்கள்

நூற்பாலை முதலாளி நாச்சிமுத்து நாளைக்கு வேண்டிய மின்சாரத்தை இன்றைக்கே சந்தையில் கேட்டுவைக்க வேண்டும். ஒரு நாளைத் தொண்ணூற்றாறு கால்மணி நேரமாக நறுக்கி, கட்டம் கட்டமாக எழுதச் சொல்கிறார்கள். மத்தியானம் இரண்டேகாலுக்கு எவ்வளவு, இரண்டரைக்கு எவ்வளவு. மத்தியானம் வீட்டில் என்ன குழம்பு என்றே தெரியாத மனிதர் அவர். எழுதி எழுதிச் சலித்து, ஒருநாள், முந்தைய நாள் பட்டியலையே திரும்ப அனுப்பிவிட்டார்.

விடிந்தால் ஆயுதபூஜை.

இயந்திரங்கள் பொட்டு வைத்து, மாலை போட்டு நின்றன. இன்று யாரும் தொடக்கூடாது. சூடம் அணைவதற்குள் மின்சாரத் தரகு ஆபீஸ் பெண் போனில் வந்தாள்.

"சார், வாங்குன கரண்ட நீங்க இழுக்கவே இல்ல. அபராதம் விழும்."

"ஏம்மா, இன்னைக்குப் பூஜைம்மா."

"பட்டியல்ல அப்படி இல்லைங்களே சார்."

விளக்கு, காத்தாடி, ஏசி எல்லாவற்றையும் போடச் சொன்னார். போதவில்லை என்றாள். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு முதல் இயந்திரத்தின் அருகே போனார்.

"மாலையக் கழட்டிரட்டுங்களா?" என்றார் மேஸ்திரி ஜோதிராஜ்.

"சாமிக்குப் போட்டத நீ எதுக்குக் கழட்டற?" என்று எரிந்து விழுந்தவர், பச்சைப் பொத்தானை அழுத்தினார். வரிசையாக மற்றவற்றையும் ஓடவிட்டார்.

பஞ்சில்லாமல் நூற்புக் கதிர்கள் சுற்றின. மாலைகளின் நுனி உள்ளே சிக்கியது. செவ்வந்தி இதழ்கள் கூடமெங்கும் பறந்து, அவர் நெற்றி விபூதியில் ஒன்று ஒட்டிக்கொண்டது.

"இப்ப கரெக்டா இழுக்குது சார்," என்றாள் அந்தப் பெண். "நாளைக்கும் இதே பட்டியல் போட்டுரலாங்களா?"