பெட்டியைத் தொடாதவர்

பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய சைக்கிள் சத்தம் நின்றுவிட்டது.

கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோவாக இருக்கும்.

காலையிலிருந்து இந்தக் கூத்துதான். ஹெல்மெட்டோடு ஒன்று, ஹெல்மெட் இல்லாமல் ஒன்று, ஏரியைப் பார்த்துப் பெரிதாக யோசிப்பதுபோல் ஒன்று. தெருமுக்குக்குக்கூடக் காரில் போகிற புருஷர். உடம்போடு ஒட்டின அந்தச் சைக்கிள் உடுப்பில் தொப்பை மட்டும் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பினதுபோல் இருந்தது.

ஏரி அழகாகத்தான் இருந்தது. ஜெர்மனியின் பவேரியா மலையெல்லாம் அதில் தலைகீழாகக் கிடந்தது.

இதை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். இந்தப் பயணத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பாதியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிடுவாள் என்று நேற்றே திருநெல்வேலிக்கு வீடியோவில் அறிவித்துவிட்டார். அவருடைய அண்ணன் குடும்பமே சிரித்தது.

அதே வீடியோவில்தான் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம் வண்டியையும் சுற்றிக் காட்டினார். இது கட்டில், இது அடுப்பு, இது கக்கூஸ். எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

நாங்களே. வாய் கூசவில்லை பாருங்கள்.

கக்கூசுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. நிறைந்தால் சிவப்பு லைட் எரியும். உருவி எடுத்துப்போய், வண்டிகள் நிற்கிற மைதானத்து மூலையில் ஒரு குழி, அதில் ஊற்றிக் கழுவி வர வேண்டும். ஊற்றாமல் மறுபடி உட்கார்ந்தால் பொங்கி வெளியே வந்துவிடும். மைதானத்தில் வேறு கக்கூசும் கிடையாது.

பக்கத்து வண்டி ஜெர்மன்காரக் கிழவர் விசிலடித்தபடி ஊற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து ரொட்டி தின்கிறார்.

இவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தரும் இந்த வேலையத் தொட்டதில்ல."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

அவள் கை குடும்பத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. தாலி கட்டி இத்தனை வருஷம் கழித்து, இந்தப் பெட்டி வந்துதான் அது விளங்கியது.

அவள் ஊற்றும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார். சிந்தாமல் ஊற்று என்று மேற்பார்வை வேறு.

த்தூ.

இன்று காலையும் சிவப்பு எரிந்தது. ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். வெயில் ஏறினால் போட்டோ கெட்டுப்போகும், திரும்பி வந்து ஊற்றிக்கொள் என்று விரட்டினார்.

சரி என்று வண்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"ஏட்டி."

குரல் சரியில்லை. இப்போது இறங்கித் திரும்பினாள்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை.

நேற்றுப் போட்டோவுக்கென்று வாங்கின, நீலப் பூஞ்சை பூத்த சீஸ். படம் எடுத்து முடித்ததும் முழுக்கட்டியையும் ஒரே ஆளாகத் தின்றார். ஒத்துக்கொள்ளாது என்றாள். உனக்கு என்ன தெரியும் என்றார். வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பாதை நெடுக ஜனம். ஒதுங்க ஒரு புதர் இல்லை. நல்லவேளை, மைதானம் பக்கத்திலேயே தெரிந்தது. இவர் நின்று நின்று படம் எடுத்த லட்சணத்தில் அவ்வளவு தூரம்தான் வந்திருந்தார்கள்.

கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

வாங்கின வேகத்தில் சைக்கிளைத் திருப்பினார். அவளும் திருப்புவாள் என்று பார்த்தார்.

அவள் திருப்பவில்லை.

"பெட்டி நெறஞ்சிருக்கு," என்றாள். "கையுறை அடுப்புக்குக் கீழ இருக்கு."

அவர் முகத்தைப் பார்க்க அவள் நிற்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

பின்னால் மறுபடியும் ஏட்டி என்று கேட்டது. இந்தத் தடவை கெஞ்சல்.

ஏரி முழுசாக முன்னால் கிடந்தது. அவள் மிதித்தாள்.